கொக்கிக்குக் கீழே ஒரு நாற்காலி

திருவொற்றியூர், 1953

ஜெரினாவுக்கு சலாம்.

நீ கற்றுக்கொடுத்த எழுத்தில், குமாஸ்தா இல்லாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது!

நம் ஆலையில் செய்த கிரேன் கொக்கியை இன்று துறைமுகத்தில் சோதித்தார்கள். "உள்ளூர் இரும்பு தாங்காது" என்றார் அதிகாரி. சீமை இரும்பு வேண்டாம் என்று மேடைதோறும் பேசியவன் சும்மா நிற்பேனா? தொங்கிய பாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்படிச் செய்வேன் என்று பயந்துதானே கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாய்?

நான் மேலே பார்க்கவில்லை. அ, ஆ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஔ வந்தபோது பாரத்தை இறக்கினார்கள். கொக்கி கொஞ்சமும் வளையவில்லை!

கிரேன் ஓட்டும் தாமோதரன் சிரித்தார். "இன்னா நைனா, அடுத்த வாரம் இன்னொரு கொக்கி கீதே, குந்துவியா?"

"வூட்ல கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

அதற்குள் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் மாணவன்