அடங்காத கோட்டுக்கு உன் பெயர்

நாம் இருவரும் வேலை செய்த தம்போய் பட்டறைக்குள் இன்று நுழைந்ததும் புதுச் சாயத்தின் வாடை மூக்கில் ஏறியது. பந்தயக் காரின் பின் இறக்கையில் உன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். பெருமைப்பட வேண்டியவள்தான் நான். குமட்டிக்கொண்டு வந்தது. அது நீ வேண்டாமென்று தள்ளிய இறக்கையடி, தோழி.

அந்தக் காலத்தில், மாசாயில் நாம் தங்கியிருந்த அடுக்குமாடி வீட்டில், தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, கணினியில் வரைந்த கார்மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கக் கற்றோமே! முதல் தடவை, விமானத்துக்கு வைப்பதுபோல் இறக்கையை வைத்துவிட்டேன். காரைத் தரையோடு அழுத்த வேண்டியது மேலே தூக்கியது. "அலமாக்! சிங்கப்பூருக்குப் பறந்தே போயிடலாம்டி, பாலத்துல ஜேம் தொல்ல இல்ல" என்று கட்டிலில் உருண்டு சிரித்தாய்.

கணக்கு ஓட ஓட, அழுத்தத்தைக் காட்டும் கோடு ஏறி இறங்கி ஆடும். ஆடி அடங்கி நிற்கும் இடம்தான் விடை. எனக்குப் பொறுமை ஏது? உச்சிக்கு ஏறியதுமே கத்துவேன். "கோடு அடங்கட்டும்லா, அப்புறம் வாயத் திற" என்பாய்.

இந்த இறக்கையை அதிகம் நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது கோடு அடங்கவே இல்லை. "அடிப்பக்கம் காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. வளைவுல கால வாரிடும்" என்று ஒதுக்கினாய். பிறகு டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உன் கணினியைத் துழாவிய பட்டறை முதலாளி, கோடு உச்சியில் நின்ற அந்த ஒரு கணத்தை மட்டும் வண்ணப் படமாக்கி, விளம்பரம் கொடுப்பவர்களுக்கு விருந்து வைத்துக் காட்டினார். உன் புகைப்படத்துக்கு மாலை வேறு. "அவங்க நமக்கு விட்டுட்டுப் போன கடைசி டிசைன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீ! செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இன்று காரில் ஏறப்போன ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "அக்கா, இது ஓகேதானே? நீங்கதான அவங்ககூட வேல செஞ்சீங்க."

முதலாளி முழங்கையால் இடித்தார். "படம் நல்லா வந்திருக்குல்ல, சொல்லும்மா."

"வளைவுல பிடி விட்டுரும். அவ வேணாம்னு ஒதுக்குனது இது. ஏறாதீங்க."

ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார். முதலாளி, "நாளையிலேர்ந்து நீ வராத" என்றார். சரி என்றேன்.

வேலை போனால் போகட்டும். பொய்யைக் கண்டால் புரட்டுகிற இந்த வயிறு உன்னோடு பழகி வந்தது. இது என்னோடு இருக்கும். கிளம்புமுன் சாயம் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து, உன் பெயரை எழுத்தெழுத்தாக நானே அழித்தேன். உன்னைத் தகனம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லையடி.