சிட்டுவின் எடைப் பிரிவு

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம்தானே? உன் குத்துச்சண்டை அணிப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி விளையாட்டுச் சங்கம் என்னை அனுப்பியது உனக்குத் தெரியும். வந்த அக்காவுக்கு நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது இருக்கட்டும்.

கேட்டால் எல்லாரும் வயிறாரச் சாப்பிடுவதாகத்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் விஷயம் தெரிகிறது. நீங்கள் சிட்டு என்று கூப்பிடும் பெண் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பினாள். வாய்க்குள் போனது கொஞ்சம்தான். அவள் முட்டை அடுத்தவள் தட்டுக்குப் போய்விட்டது. தனியாகக் கூப்பிட்டு, “சார் சாப்பிட வேண்டாம்னு சொன்னாரா?” என்று கேட்டேன்.

“அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார் மேடம். எடை கொஞ்சம் கூடிட்டா பேசாம ஜன்னல் பக்கம் திரும்பிடுவார். அது போதும்.”

மாதவிலக்கு நின்று பல மாதமாகிறதாம். இப்போதைய எடைப் பிரிவுக்குள் நிற்கத்தான் இப்படிப் பட்டினி கிடக்கிறாள். அடுத்த மேல் பிரிவுக்கு அவளை மாற்று. இல்லையென்றால் போட்டிக்கே அனுப்பாதே. அறிக்கையிலும் இதைத்தான் எழுதப்போகிறேன்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

தண்ணீர் கொடுக்காதது தப்புதான். அதற்காக இப்படியா?

மேல் பிரிவில் இருப்பவர்கள் எல்லாம் சிட்டுவைவிட ஒரு சாண் உயரம். நொறுக்கிவிடுவார்கள். நான் யாரையும் பட்டினி போடவில்லை. அவள் வயதில் நானும் வயிற்றைக் காயப்போட்டுத்தான் ஜெயித்தேன். போட்டி முடியும்வரை அறிக்கையைக் கொடுக்காதே. தம்பிக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

தம்பி

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

நீ ஜெயித்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கோப்பையோடு வந்து வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாய். தெருவே கைதட்டக் காத்திருந்தது, அம்மா உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நீ அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வாய். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

கோபம் ஆறினதும் எழுது.

அக்கா

ஜூலை 3

தம்பி,

போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டியாவது ஒரு வரி போடக் கூடாதா?

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அறிக்கையைப் பார்த்துச் சங்கம் மாற்றச் சொன்னதால் சிட்டு மேல் பிரிவில் மோதி முதல் சுற்றிலேயே தோற்றாள். நான் பயந்தபடியே ஆயிற்று. உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். பேனாவை எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பேனோ, அதனால் எழுதவில்லை.

நேற்றுப் பயிற்சியின் நடுவில் கையுறையைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அணியை விட்டு விலகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“சார், பசிக்குது,” என்றாள்.

மற்றவர்கள் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, அக்கா. “போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி. பயிற்சியை நிறுத்தி எல்லாரையும் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டேன்.

கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன்.

உன் தம்பி