உன் பெயரில் மிஞ்சிய பக்கெட்

முற்பகல் பதினொன்று இருபத்திரண்டுக்குச் செய்தி வந்தது. அத்தைதான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "தம்பி, கெளம்பி வாங்க" என்றார். உன் அம்மா அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

நீ போய் நாலு மாதமாகிவிட்டது. இன்று காலை குண்டசாலை வீட்டில், நம் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்தபோது நம்மோடு வேலை செய்யும் ரில்வான் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். ஒபிஸின் கிளவுட் கணக்கில் எந்த டெம்ப்ளேட்டோடும் ஒட்டாமல் தனியே கிடப்பவற்றின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை உருவாக்கியவர் பெயர். பதினான்காவது வரியில் உன் பெயர் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனே கோல் எடுத்தான்.

"மச்சான், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுல மட்டும் நான் கைவைக்கல்ல. பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கச் சொல்லி இரிக்காங்க. ஒங்கட பேருக்கு மாத்தவா, அழிக்கவா? நீங்க சொல்ற மாதிரி."

"நானே பாக்குறேன்."

"டீ குடிச்சீங்களா?"

குடித்தேன் என்று பொய் சொன்னேன்.

அது அங்கே மிஞ்சிக் கிடப்பதற்கு நான்தான் காரணம். உனக்குத் தெரியும். கடைசியாக நாம் பேசியதே அதைப் பற்றித்தான்.

நம் வேலை என்னவென்று உன் அம்மா ஒருமுறை ஹேவாஹெட்டையிலிருந்து வந்திருந்தபோது கேட்டார். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாய். "வீட்டுக்கு என்னென்ன வேணும்னு சீட்டு எழுதிக் குடுக்கிற மாதிரிம்மா. அதுக்குப் பேரு டெம்ப்ளேட். கிளவுட்காரன் அதப் பாத்துக் கட்டித் தருவான். அவனுக்குத் தெரியாத வேல ஏதாவது இருந்தா நடுவுல நம்ம ஆள் ஒருத்தன வைப்போம். நம்ம ஆளு முடிஞ்சுதுன்னு பதில் சொல்ற வரைக்கும் அவன் அப்படியே நிப்பான்."

"பதில் சொல்லாட்டி?"

"ஒரு மணித்தியாலம் நிப்பான்."

"பாவம்" என்றார் அத்தை.

அந்த "நம்ம ஆளு" நீ எழுதிய சின்ன புரோகிராம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்று புதிதாக நம்மிடம் சேர்ந்தால், அதற்கென்று ஒரு பக்கெட், அதாவது கிளவுட்டில் ஒரு சேமிப்பு இடம், உருவாகும். அந்தத் தொழிற்சாலையின் கொழுந்து நிறுக்கும் இடங்களின் பட்டியலை அதற்குள் வைப்பது உன் ஆளின் வேலை. தொழிற்சாலை விலகினால் பக்கெட்டை வெறுமையாக்குவதும் அவன்தான். உள்ளே ஒரு துண்டு இருந்தாலும் கிளவுட் அதை அழிக்காது.

நீ அழிக்கும் பகுதியைத்தான் முதலில் எழுதினாய். நின்றுகொண்டே வந்த கண்டி பஸ்ஸில், லெப்டொப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அதை என்னிடம் சொன்னாய். நான் சிரித்தேன். "கட்ட முன்னாடியே இடிக்க பிளான் போட்டாச்சா?"

"சார் கட்டிட்டுப் போயிருவீங்க. ஞாயித்துக்கிழமை குந்திக்கிட்டு இடிக்கிறது நாந்தானே."

முன்னால் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். நாம் வீடு இடிப்பவர்கள் என்று நினைத்திருப்பார்.

அத்தை கூப்பிட்ட நாளுக்கு முந்தைய மாலை, உன்னிடம் கேட்காமல் உன் புரோகிராமில் இரண்டு வரி மாற்றினேன். மறுநாள் பின்னேரம் தொழிற்சாலைக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. பழைய சோதனை அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும். காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் நெற்றி குளிர்ந்திருந்தது. "காய்ச்சல் விட்டுருச்சு. இங்க குந்தி என்ன பண்ணப் போறீங்க, போங்க" என்றாய். டெங்கில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும் என்பது நம் இருவருக்குமே தெரியாது. படித்தவர்கள் இருவர். நான் பஸ் ஏறினேன்.

ஒபிஸில் அழிக்கச் சொன்னேன். நான் போட்ட வரியில் உன் ஆள் தடுக்கி விழுந்தான். பதில் அனுப்பும் இடத்துக்கு அவன் போகவேயில்லை. கிளவுட் நின்றுவிட்டது. அழிந்ததாகவும் இல்லை, அழியவில்லை என்றும் இல்லை. பத்து மணிபோல உனக்குக் கோல் எடுத்தேன்.

"என்னோட புரோகிராம தொட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா." நீ சிரித்தாய், இருமினாய். "சரி. கிளவுட் அனுப்புன கேள்வி லொக்ல, நடந்ததெல்லாம் பதியிற எடத்துல, இருக்கும். பதில் போக வேண்டிய அட்ரஸும் அதுக்குள்ளயே இருக்கும். முடிஞ்சுதுன்னு நீங்களே எழுதி அதுக்கு அனுப்புங்க."

"முடியலையே? பக்கெட் நெறைய இருக்கே?"

"இப்போதைக்குச் சொல்லுங்க. பக்கெட்ட மட்டும் விட்டுட்டு மத்தத அழிக்கச் சொல்லலாம். அத அந்திக்கு நான் பாத்துக்குறேன். வரும்போது தெம்பிலி எளநி ரெண்டு வாங்கிட்டு வாங்க."

நீ சொன்னபடி அனுப்பினேன். கிளவுட் நம்பியது. எல்லாம் அழிந்து பக்கெட் மட்டும் மிஞ்சியது. நான் புதியதை எழுப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அத்தையின் கோல் வந்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கு அன்று யார் காட்டினார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அத்தை உன் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, ஒன்னு ரெண்டு சாரி வச்சுக்கிறீங்களா?" என்றார். தலையாட்டினேன். ஆமென்றா இல்லையென்றா என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அவர் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்.

இன்று பக்கெட்டைத் திறந்தேன். சோதனைக்காக நீ போட்ட கொழுந்துக் கணக்கு ஒன்று இருந்தது. நான் அதை ஒருபோதும் படித்ததில்லை. கொழுந்து கொடுத்தவர்களாக நம் ஆட்களின் பெயர்களையே போட்டிருக்கிறாய். ரில்வான், பன்னிரண்டு கிலோ. அத்தை, முப்பது கிலோ. நீ, நாற்பத்தெட்டு கிலோ, "நல்ல கொழுந்து". என் பெயருக்கு நேரே இரண்டு கிலோ. குறிப்பு என்ற கட்டத்தில், "முத்தல். திருப்பி அனுப்பவும்."

சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் நாலு மாதமாக வரவில்லை என்பது தெரிந்தது.

என் பெயருக்கு மாற்றலாம். ஒரு நிமிட வேலை. உன் பெயரிலேயே விடச் சொன்னால் ரில்வான் எப்படியாவது சமாளிப்பான். ஆனால் மாதா மாதம் இந்தப் பட்டியல் வரும். இது யாருடையது, வேண்டுமா, வேண்டாமா என்று உன்னிடம்தான் கேட்கும். பதில் வராத ஒரு கேள்விக்கு எதிரே உன் பெயரை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன், முதல் வரியிலிருந்து கடைசி வரை. பிரதி எடுக்கவில்லை. வெறுமையாக்கினேன். அழிப்பதற்கு முன் அதன் பெயரை முழுதாக எழுதி உறுதிப்படுத்தச் சொல்லித் திரை கேட்டது. நீ வைத்த நீளமான பெயர், நடுவில் நாலு கோடுகள். மேலே இருந்ததை வெட்டி ஒட்டியிருக்கலாம். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். இரண்டு தடவை பிழையாகி, மூன்றாம் தடவை சரிவந்தது.

பதினொன்றரைக்கு ரில்வானிடம் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "சரி மச்சான்" என்றான்.

உன் புரோகிராமில் என் இரண்டு வரிகள் இப்போது இல்லை. நீ எழுதியபடியே ஓடுகிறது. போன வாரம் புசல்லாவையில் ஒரு தொழிற்சாலை சேர்ந்தது. உன் ஆள் தன் வேலையைச் செய்து, நாலு செக்கனில் பதில் சொன்னான். நான் புதிதாக எதை எழுதினாலும் அழிக்கும் பகுதியை முதலில் எழுதிவிட்டுத்தான் மேலே போகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கோல் வந்த நாளிலிருந்து என் ஃபோனை ஒருமுறையும் அணைத்ததில்லை. குளிக்கும்போதும் கதவுக்கு வெளியே கதிரையில் வைத்திருப்பேன். யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. இதை எழுத உட்காரும் முன் அணைத்துவிட்டேன்.