அம்மா திட்டினால்தான் பாட்டு

அம்மாவுக்கு, உன் அடங்காத மகளின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பகலில் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வை மடிக்கிறேன். வேலை விட்டு வந்ததும் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து ராப் பாடிப் பதிவு செய்கிறேன். தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும்.

கோபப்படாதே. போன மாதம் போனில் குரலைப் பதிவு செய்து திட்டி அனுப்பினாயே, "இதெல்லாம் ஒரு பாட்டாடி? குழாயடிச் சண்ட மாதிரி கத்துற!" என்று. அதை அப்படியே என் புதுப் பாட்டின் தொடக்கத்தில் வைத்துவிட்டேன். பாட்டு இணையத்தில் பரவியது. ஓர் இசைக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.

"அந்தம்மா கத்துறத மட்டும் எடுத்துடு. பாட்ட நாங்க வெளியிடுறோம்."

"மாட்டேன் சார். அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் பாட்டே."

"அப்ப காலம் பூரா அலமாரிக்குள்ளயே கெட."

"கெடக்குறேன். கதவு என் கையிலதான இருக்கு."

சனிக்கிழமை ஒரு கடையின் கீழ்த்தளத்தில் பாடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டமே நீ சொன்னதை அப்படியே சொல்லி என்னைத் திட்டியது. பிறகு நான் பதில் சொன்னேன் பார், சுவர் அதிர்ந்தது.

அடுத்த பாட்டுக்கும் நீதான் வேண்டும். இந்த முறை நீளமாகத் திட்டு. பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டு, குழாயை மூடாதே. அப்பா இருமினால் இருமட்டும். அந்தச் சத்தமெல்லாம் பாட்டுக்குத் தேவையில்லை, எனக்குத்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் சண்டைக்காரி