டிஷ் திரும்பிய நாள்

அடி அண்ணாமலை,
ஆவணி 12.

மகள் மணிமொழிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அங்கன்வாடி சரோஜா எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மா பாஞ்சாலையும் மூச்சும் முழங்கால் வலியுமாக இருந்துகொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அண்ணாமலையார் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓட்டில் டில்லி ஆட்சி கவிழ்ந்து, கார்கிலில் சண்டை நடந்ததே, அது முடிந்து இது பத்தாவது வருஷம். நம் தெருவுக்கு சர்க்கார் கலர் டிவி வந்துவிட்டது, கரண்டுதான் வருவதில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வருஷம் தப்பாது. அந்தச் சண்டை நடந்தபோதுதான் உன் அண்ணன் கண்ணாயிரம் மாடியிலிருந்து விழுந்தான். கேபிளுக்காக அவன் வாங்கி வைத்த பெரிய டிஷ், அவன் கை கடைசியாகத் திருப்பிய பக்கமே பார்த்துத் துருப்பிடித்து நின்றது. அதைத் தொட உன் அம்மா யாரையும் விட்டதில்லை, பழைய இரும்புக்காரன் கேட்டதற்குத் துடைப்பத்தை எடுத்தாள். போன மாசம் அவளே தொடச் சொன்னாள்.

காரணம் நீதான். அவள் உன் முகத்தைப் பார்த்துப் பத்து வருஷம், கண்ணில் புரை வேறு ஜாஸ்தியாகிறது. உன் அண்ணனோடு கேபிள் இழுத்த கோபி இப்போது ரமணாசிரமம் பக்கம் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறான், கம்ப்யூட்டரில் முகம் பார்த்தே பேசலாம் என்று பேட்டரியில் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், அதில் இன்டர்நெட் வர விரல் நீளத்துக்கு டேட்டா கார்டு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தான். வீட்டுக்குள் அது சிக்னலே பிடிக்கவில்லை, டவுன் டவருக்கும் நமக்கும் நடுவில் மலை நிற்கிறது என்றான். உன் அம்மா, "மலைய குத்தம் சொல்லாதடா, உன் சாமான சொல்லு" என்றாள். செங்கம் ரோட்டு டவர் தூரம்தான், ஆனாலும் டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னல் வாங்கும் பழைய பெட்டி இருந்த இடத்தில் கார்டைக் கட்டி அந்தப் பக்கம் திருப்பினால், சிதறி வருவதை எல்லாம் டிஷ் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும் என்றான். நட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்துக் கழற்றினான். குழாய் ஆடாமலிருக்க உன் அண்ணன் தன் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்துச் சுற்றியிருந்தான், உள்பக்கம் நிறம்கூடப் போகவில்லை. உன் அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோபி மாடியில் நின்று திருப்ப, கம்ப்யூட்டரில் சிக்னல் கோடு ஏறுகிறதா என்று கீழே நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மேலேயிருந்து "வந்துச்சா?" என்று குரல் வந்தது. கோபிதான் கேட்டான், என் காதுக்கு அது கோபி இல்லை. ஒரு கோடுகூட ஏறவில்லை, நான் "வந்துடுச்சு, எறங்குடா" என்று கத்திவிட்டேன். அவனும் நட்டை இறுக்கிவிட்டு இறங்கினான். உன் அம்மா தலைவாரிப் பூ வைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. கோபி போனபிறகு, "இன்னாத்துக்குப் பொய் சொன்னே?" என்று என்னைக் கேட்டாள்.

அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அன்றைக்குத் தூறலில் படம் சரியில்லை என்று சீரியலுக்காக அவனை நீ மேலே ஏற்றினாய், அது நிஜம். படம் வருவதற்குள் நீ கொல்லைக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டாய். அவன் திருப்பிவிட்டு நல்லபடியாக இறங்கி வந்தான் மகளே, அதை நீ பார்க்கவில்லை. அப்புறம்தான் எதிர்வீட்டு ஜோதியம்மாளும் அவள் புருஷனும், பட்டாளத்திலிருந்த மகனை நினைத்துச் சண்டைச் செய்தி பார்க்க வந்தார்கள். படம் புள்ளி புள்ளியாக இருந்தது என்று நான்தான் அவனை மறுபடி ஏற்றினேன். "வந்துச்சா நைனா?" என்றான். வந்துவிட்டது, பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. இருந்தும் நான் "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றேன். கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம். அடுத்த சத்தம் வாசல் பக்கக் கிணற்றடிக் கல்லில் கேட்டது.

மளிகைக் கடையிலிருந்து ஓடிவந்த உன் அம்மா, உன் சீரியலுக்குப் பிள்ளையைக் காவு கொடுத்துவிட்டாய் என்று உன்னை அடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீ கண்காணாத தேசத்துக்குப் போனாய். ஒவ்வொரு மழைக்கும் மாடியில் அவன் கேட்கிறான், நான் பதில் சொல்லாமல் படுத்திருக்கிறேன். இந்த இடத்தில் சரோஜா பேனாவை வைத்துவிட்டாள், எழுதும்மா என்று நான்தான் சொன்னேன்.

உன் அம்மா இரண்டு நாள் பாயை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய்ப் படுத்தாள். மூன்றாம் நாள், "கோபிய ஏத்து, நான் பாத்து சொல்றேன்" என்றாள். கண்ணைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவைத்தபடி அவளே பதில் சொன்னாள், நாலு கோடு ஏறிற்று. அப்புறம், "பொண்ணைக் கூப்பிடு, நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றாள். போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை உனக்கு லீவாமே, நம் ஊர் ஆறு மணிக்கு ஒவ்வொரு வெள்ளியும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், மறந்துவிடாதே. ஏசியில் ஈரத்தலையோடு படுக்காதே. நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும்.

ஜோதியம்மாள் புருஷன் சுனாமி வந்த வருஷம் போனார். ஜோதியம்மாள் இந்தப் பங்குனியில் போனாள், நானாகவே உங்களிடம் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்து, கடைசி வரை வாய் திறக்காமல் இருந்தாள். அன்றைக்கு "தள்ளு" என்ற அந்த வார்த்தையைக் காதால் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன், அதைச் சொன்னவன் ஒருத்தன்தான்.

உன் அப்பா,
ராமகிருஷ்ணன்.