நேற்றைக்கு இன்று தேவலை

இன்று காலை என் வீட்டுக்காரர் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது. அதே தைலம்தான். கடைசி மாதங்களில் உன் அறைக்கதவைத் திறந்தாலே முகத்தில் வந்து அடிக்குமே, அந்த வாசனை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நடைபோடுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே, இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன்.

அவருக்குப் பக்கவாதம். இடது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. ஈப்போவிலிருந்து நாத்தனார் தினமும் போன் போட்டு, "அண்ணனுக்கு எப்படி அண்ணி இருக்கு?" என்கிறாள். "அப்படியேதான்" என்று வைத்துவிடுவேன். அந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் 'தேவலை' உன்னுடைய சொல். நீ போன பிறகு அதை நான் வாயில் எடுத்ததில்லை.

பினாங்கில், ஆயர் ஈத்தாம் பிளாட்டில் நமக்கு எதிரெதிர் வீடு. ஒரே தொழிற்சாலை, ஒரே பஸ். நீ நோயில் படுத்த பிறகு, வேலைக்குப் போகுமுன் உன் வாசலில் நின்று எப்படி என்று கேட்பேன். என்றைக்கும் ஒரே பதில்தான்.

"நேத்துக்கு இன்னிக்குத் தேவலைடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "டாக்டர் ஒன்னு சொல்றாரு, நீ ஒன்னு சொல்றே. எதைடி நம்புறது?"

"டாக்டர் சீக்கைப் பத்திச் சொல்றாரு லா. நான் இட்டிலியைப் பத்திச் சொல்றேன். நேத்து பாதிதான் இறங்குச்சு, இன்னிக்கு முழுசாத் தின்னேன்."

இட்டிலி என் காதில் ஏறவில்லை. தேவலை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மாடி முழுக்கச் சொல்லிவைத்தேன். குணமானால் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக நீ வேண்டியிருந்தாய் அல்லவா? பித்தளைக் குடத்தையே வாங்கிவந்து உன் கட்டிலில் வைத்தேன். நீ அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

"குணமாயிட்டேன்னு யாருடி சொன்னா? தேவலைன்னுதானே சொன்னேன். நேத்தைவிடக் கொஞ்சம் பரவாயில்ல, அவ்வளவுதான். நாளைக்கு எப்படின்னு எனக்கென்ன தெரியும்?"

தைப்பூசத்துக்கு நீ இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. சாகப்போகிறவள் எதற்குத் தேவலை தேவலை என்று சொல்லி என்னை நம்பவைத்தாள்? அந்தக் குடம் இன்னும் என் அலமாரி மேலேயே கிடக்கிறது.

முந்தாநாள் அவர் கைப்பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன். நான் பழக்கமாக "அப்படியேதான்" என்றேன். பந்து கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு பயிற்சி நின்றது. பயிற்சி கொடுக்க வரும் பெண் நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்ப விட்டுட்டா கை இறுகிடும் அக்கா" என்றாள். அதிலிருந்து அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

இன்று தைலம் தேய்க்கும்போது, சுவரைப் பார்த்தபடியே கிடந்த அவர் சுண்டுவிரல் என் கட்டைவிரலை லேசாக அழுத்தியது. நேற்று அது அசையவே இல்லை. என் மனப்பிரமையோ என்று பார்த்தேன். மறுபடியும் அழுத்தியது.

போன் அடித்தது. அவர் பக்கத்திலேயே நின்று எடுத்தேன்.

"நேத்துக்கு இன்னிக்குத் தேவலைம்மா. என் விரலை அழுத்துறாரு."

மறுமுனையில் அவள் அழுதுவிட்டாள். "குணமாயிடுமா அண்ணி?"

"அது எனக்குத் தெரியாது. விரலை அழுத்தினாரு, அதுதான் தெரியும்."

சொன்ன பிறகுதான் உன்மேலிருந்த கோபம் போனது. நீ என்னை ஏமாற்றவில்லை. தின்ற இட்டிலியைத்தான் சொல்லியிருக்கிறாய், நாளையைப் பற்றி ஒரு நாளும் வாக்குக் கொடுத்ததில்லை. இனி அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். ஆனால் எதைவிடத் தேவலை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

போனை வைத்தபோது அவர் சுவரைவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, "பந்து" என்றார்.

கட்டிலுக்கடியில் குனிந்து அதைத் தேடும்போது, அவர் பார்க்காதபடி உனக்காக அழுதேன்டி.