முச்சந்தியில் கிடைத்த கும்

மே 21, 1973

அன்புள்ள ராதுலேவுக்கு யாக்லிகா எழுதுவது.

முதலில் நல்ல சேதி. பாப்பா பிழைத்துவிட்டாள். காய்ச்சல் விட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். நேற்று என் முடியைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. இதுவரை படித்ததும் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மீதியை உட்கார்ந்து படியுங்கள், ஏனென்றால் உங்களுக்குக் கோபம் வரப்போகிறது.

உங்கள் கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். செக் நாட்டுப் புர்னோவில் உங்கள் அறையில் இருக்கும் உக்ரைன்காரர் ஓஸ்தாப் 'கும்' என்று ஆரம்பித்தாலே சிரிப்புக் கதைதான், இரண்டு கும்கள் குடித்துவிட்டு வேலிமேல் விழுந்த கதைதான் என்று எழுதியிருந்தீர்கள். போலந்துக்காரருக்கு அது வம்பளக்கக் கூட்டாளியாம். செக் நாட்டுக்காரர்கள் 'க்மோத்ர்' என்கிறார்களாம், குழந்தைக் கதையில் நரியைக்கூட அந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். அத்தைக்கு வந்ததே கோபம்! "நரியா? நம்ம ஊர்ல கும் வாசல்ல வந்து நின்னா வீடே எழுந்து நிக்கணும். புள்ளைக்கு ஞானத்தகப்பனா நின்னு பேர் வைக்கிறவன், முதல் முடி வெட்டுறவன் அவன். அவன்மேல கை ஓங்கினா ஏழு தலைமுறைக்கு விளங்காது. அந்தப் பசங்ககிட்ட சொல்லச் சொல்லு" என்றார். சொல்லிவிடுங்கள்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஓஸ்தாப் கேட்டாராமே. பள்ளிக்கூட வாத்தியாரிடம் விசாரித்தேன். லத்தீனிலிருந்து, கிறிஸ்தவத்தோடு சேர்ந்து வந்ததாம். பெற்றவளோடு கூட நிற்கும் இன்னொரு தாய் என்பதுதான் முதல் அர்த்தமாம். போகிற வழியில் தேய்ந்து தேய்ந்து நமக்கு 'கும்' மட்டும் மிஞ்சிற்றாம், செக் நாட்டுக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டதாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாத்தியார் பாவம், பயந்துபோனார்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். நிக்ஷிச் நகரத்து டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளையும் எங்கே புதைத்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவளுக்குப் பெயர் வைக்கவே எனக்குப் பயம். அத்தைதான், "புள்ள தங்கணும்னா முச்சந்தியில கிடத்து. முதல்ல வர்றவன்தான் கும். திருடனா இருந்தாலும் சரி, வேற வழியில்ல" என்றார். இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேய்ச்சல் பாதையும் ரோடும் சேருகிற இடத்தில் பாப்பாவைக் கம்பளியில் சுற்றி வைத்துவிட்டு, கல்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பால்வண்டிக்காரர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது பெரிஷா.

ஆமாம், அதே பெரிஷாதான். மேய்ச்சல் நிலத் தகராறில் கம்பால் அடித்து உங்கள் இடது காதைச் செவிடாக்கியவர். நீங்கள் ஊரில் இருந்தால் என்றைக்காவது அவரைக் கொன்றுவிடுவீர்கள் என்று நானும் அத்தையும் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தானே உங்களை அங்கே வேலைக்கு அனுப்பினோம்.

பாப்பாவைப் பார்த்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார். "யாக்லிகா, பின்னால இருக்கறது நீதான்னு தெரியும். வெளியே வராதே. நான் வரவே இல்லைன்னு வெச்சுக்கோ. வந்த வழியே போயிடறேன். பால்வண்டி பின்னாடி வருது, அவன் கும்மா இருக்கட்டும்." சொன்னபடியே திரும்பி நடந்தார்.

விதி அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது என்றுதான் ஊரே பேசுகிறது. அத்தையும் அப்படித்தான் நம்புகிறார். நானும் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். உங்களிடம் எனக்குப் பொய் வராது. அவர் போனார். கூப்பிட்டது நான். சுவரைத் தாண்டிக் குதித்து ஓடி, "கும்! எங்கே போறீங்க? புள்ள குளிர்ல கிடக்குது, தூக்குங்க!" என்று கத்தினேன்.

அந்த மனுஷர் நடுரோட்டில் மண்டிபோட்டு அழுதார், ராதுலே. பேனாக்கத்தியால் பாப்பாவின் முடியில் ஒரு கற்றை வெட்டினார். ஜிவானா என்று பெயர் வைத்தார். உயிரோடு இருப்பவள். பிறகு தன் கோட்டைக் கழற்றிச் சுற்றி, மார்போடு அணைத்து வீடுவரை தூக்கி வந்தார். முழநீள மீசையோடு நம் பிள்ளைக்கு இன்னொரு தாய்! வாத்தியாரிடம் நான் எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

அத்தை அவரை வாசலில் பார்த்ததும் கையிலிருந்த பால்பானையைக் கீழே போட்டார். பிறகு ரொட்டியும் உப்பும் ஒரு கிண்ணம் ராக்கியா சாராயமும் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். "இந்தக் கை ஒடியணும்னு நாலு வருஷமா வேண்டிக்கிட்டேன். இனிமே நல்லா இருக்கணும்னு வேண்டிக்கணும். என் தலையெழுத்து. குடி, கும்" என்றார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் தன் ஊசியால்தான் என்கிறார். அத்தை கும் வந்த வேளை என்கிறார். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளட்டும். பாப்பா வயிறு முட்டப் பால் குடிக்கிறாள், எனக்கு அது போதும்.

கோபப்படுங்கள். அடி வாங்கியவர் நீங்கள், உங்களைக் கேட்காமல் செய்தவள் நான். என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். ஆனால் கும் ஆன வீட்டோடு இரத்தப்பகை கிடையாது, அதை நீங்கள் மீறவே மாட்டீர்கள். அது தெரிந்துதான் அவரைக் கூப்பிட்டேன். பிள்ளைக்காக மட்டும் கூப்பிட்டேன் என்று சொன்னால் கடவுளுக்கு அடுக்காது. நாலு வருஷமாக லீவுக்கு மட்டும் வந்து போகிறீர்கள். இனிமேல் நீங்கள் அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை.

ஆகஸ்டில் புனித இலியா திருநாளன்று ஞானஸ்நானம். மாதா உங்களை வழியெல்லாம் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுங்கள்.

உங்கள்
யாக்லிகா